அடித்த அப்பா படுக்கையில் விழுந்தால்: கூட வைத்துப் பார்ப்பதா, தள்ளி நின்று செய்வதா, தலைமுழுகுவதா?

போன வருஷம் கார்த்திகையில் ஒரு நாள், விடியற்காலை ஐந்தரை மணிக்கு அத்தை போன் செய்தார். "உங்கப்பாவுக்கு வலது கை, கால் விழுந்துருச்சும்மா. பேச்சும் குழறுது. எப்ப வர்ற?" என்றார். வருகிறாயா என்று அவர் கேட்கவில்லை. அது அவருக்கு ஒரு கேள்வியாகவே தோன்றவில்லை.

எனக்கு 43 வயது. ஆறு வயதிலிருந்து ஹாஸ்டலுக்குப் போன பதினேழு வயது வரை அப்பாவிடம் அடி வாங்கினேன். 'எந்த வீட்டுலதான் அப்பா அடிக்கல' என்று சொல்லிக் கடந்துபோகிற அடி இல்லை. பெல்ட், விறகுக்கட்டை, காய்ச்சிய தோசைக்கரண்டி. ஒருமுறை தம்பியின் முன்கை எலும்பு முறிந்தது. மாடிப்படியில் விழுந்துவிட்டான் என்று மாவுக்கட்டு போட்டவரிடம் அம்மா சொன்னார். எங்கள் வீட்டில் மாடியே கிடையாது. அம்மாவும் அடி வாங்கியவர்தான். அவர் போய் பதினோரு வருஷம் ஆகிறது.

நாங்கள் மூன்று பேர்: அக்கா, நான், தம்பி. அந்த போனுக்குப் பிறகு மூன்று பேரும் மூன்று முடிவு எடுத்தோம். மூன்றையும் கிட்டத்தில் இருந்து பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன். இதே போன் இன்னும் பலருக்கு வரப்போகிறது. முதல் வாரத்திலேயே சொந்தக்காரர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். அதற்கு முன் நீங்கள் உட்கார்ந்து யோசிக்க ஏதாவது கையில் இருக்க வேண்டும்.

எல்லாரும் சேர்த்துக் குழப்புகிற ஒரு விஷயத்தை முதலில் பிரித்துவிடலாம். அவருக்குச் சாப்பாடும் மருந்தும் கிடைக்க வேண்டும் என்பது ஒரு முடிவு. அதை உங்கள் கையால், உங்கள் வீட்டில், உங்கள் பிள்ளைகளின் கண் முன்னால் செய்ய வேண்டுமா என்பது தனி முடிவு. மன்னிப்பதா இல்லையா என்பது மூன்றாவது. அதற்கு அவசரமே இல்லை. "என்ன இருந்தாலும் அப்பா" என்ற ஒரே வாக்கியம் இந்த மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்டு உங்கள் கழுத்தில் மாட்டிவிடும்.

வீட்டோடு வைத்துப் பார்ப்பது

அக்கா அப்பாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மூன்று பேரில் அதிகம் அடி வாங்கியவள் அவள்தான். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இப்போதாவது தன்னைப் பிடிக்கும் என்று எங்கோ ஒரு மூலையில் நினைத்ததாகப் பின்னால் என்னிடம் சொன்னாள். இந்த ஆசை இருந்தால் அதை மறைக்காமல் ஒத்துக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் பக்கவாதம் வந்தவர் அதைத் தருவார் என்று எதிர்பார்க்க முடியாது. வலது பக்கம் விழுந்தவர்கள் பலருக்குப் பேச்சும் போய்விடுகிறது. மன்னிப்புக் கேட்க நினைத்தால்கூட வாய் வராது. அப்பாவுக்கு அந்த நினைப்பு இருந்ததா என்பது எங்களுக்கு இனி தெரியப்போவதில்லை.

பக்கவாதக்காரரைப் பார்ப்பது என்றால் வேளைக்குச் சோறு வைப்பதோடு முடியாது. படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். புரை ஏறாமல் கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். மலம், சிறுநீர் எடுக்க வேண்டும், உடம்பு துடைக்க வேண்டும். எந்த உடம்பைப் பார்த்தால் நமக்கு வயிறு கலங்குமோ அந்த உடம்பை ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை தொட வேண்டும். அறிவுரை சொல்கிறவர்கள் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. அப்பாவின் வேட்டியை மாற்றும்போதெல்லாம் அவர் பெல்ட்டை உருவுகிற சத்தம் காதில் கேட்டது என்றாள் அக்கா.

'இத்தனை வருஷம் ஆச்சு, இன்னுமா?' என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பதினோராவது பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. தப்பிக்க வழியில்லாத இடத்தில், திரும்பத் திரும்ப நடந்த கொடுமையால் வரும் மனக்காயம் அதில் தனி நோயாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. சிறுவயதில் தொடர்ந்து அடிபடுவதை அதற்கு ஓர் உதாரணமாகவும் சொல்கிறார்கள். அமெரிக்காவின் சான் டியாகோவில் தொண்ணூறுகளின் நடுவில் 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் சிறுவயது அனுபவங்களைக் கேட்டு ஓர் ஆய்வு செய்தார்கள். அதன் முதல் கட்டுரை 1998-ல் வந்தது. சிறுவயதில் பட்ட கொடுமைகள் கூடக் கூட, பெரியவர்களான பிறகு மனச்சோர்வும் இதய நோயும்கூட அதிகமாக இருந்தன. உடம்பு எதையும் மறப்பதில்லை. மறந்த மாதிரி இருக்கிறது, கிட்டே போனால் தெரிகிறது.

அக்கா நான்கு மாதம் தாங்கினாள். ஒரு நாள் அப்பா இடது கையால் எவர்சில்வர் டம்ளரை எடுத்து அவளுடைய ஒன்பது வயது மகன் மேல் வீசினார். நெற்றியில் பட்டது. பெரிய காயம் இல்லை. அன்று ராத்திரி வீட்டுப்பாடம் எழுதாததற்காக அதே பிள்ளையை அக்கா அடித்தாள். அதுவரை அவள் அவனை ஒரு தட்டு தட்டியதில்லை. மறுநாள் காலை எனக்கு போன் செய்து, "என்னால முடியலடி. நான் அவர மாதிரி ஆயிடுவேன்" என்று அழுதாள்.

ஆகவே வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்த வழி வேண்டாம் என்றே சொல்வேன். அடித்தவர் தளர்ந்துபோனாலும் ஒரு சின்னப் பிள்ளையைப் பயமுறுத்தும் அளவுக்குத் தெம்பு அவரிடம் எப்போதும் இருக்கும். குழந்தைகள் இல்லை, கூடமாட ஆள் இருக்கிறது, உங்களுக்கும் அந்தப் பழைய நாட்களைப் பற்றி ஒரு மருத்துவரிடமாவது மனம்விட்டுப் பேசிய அனுபவம் இருக்கிறது என்றால் யோசிக்கலாம். அப்போதும் 'மூன்று மாதம்' என்று கெடு வைத்து, அதை எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. "வெச்சுப் பாத்துக்கோ, வீட்ட உன் பேர்ல எழுதித் தர்றேன்" என்று ஒரு பேச்சு கட்டாயம் வரும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் என்று 2007-ல் கொண்டுவந்த சட்டம் ஒன்று இருக்கிறது. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்ய அதன் 23-வது பிரிவு இடம் தருகிறது. அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால், உங்களை அடித்தவரோடு நீங்களாகவே ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறீர்கள். அக்கா வேண்டாம் என்று சொன்னாள். நல்ல முடிவு.

தலைமுழுகுவது

தம்பி வரவில்லை. அத்தையின் போனை எடுத்தான், கேட்டான், "சரி அத்தை" என்று வைத்துவிட்டான். அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் யாருடைய நம்பரிலிருந்து போன் வந்தாலும் எடுப்பதில்லை. எங்கள் ஊரில் அவனைக் கல்நெஞ்சக்காரன் என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மழைக்காலத்தில் அந்த முன்கை இன்றைக்கும் அவனுக்கு வலிக்கிறது.

முழுசாக அறுத்துக்கொள்வதில் இருக்கும் பெரிய நன்மை நிம்மதிதான். அடுத்த போன் எப்போது வரும் என்ற நடுக்கம் நின்றுபோகிறது. அப்பாவோ அம்மாவோ பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியிருந்தாலோ, இன்றைக்கும் மிரட்டினாலோ, நடந்ததையெல்லாம் பொய் என்று சொல்லி உங்களையே பைத்தியமாக்கினாலோ, வேறு வழியை ஏன் எடுக்கவில்லை என்று நீங்கள் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. அந்த நிலையில் இருப்பவரிடம் 'போய் ஒரு தடவை பார்த்துட்டு வா' என்று சொல்வது கொடுமை.

விலை என்ன? உறவுக் கூட்டம் முழுவதும் கைவிட்டுப் போகும். தம்பி இழந்தது அப்பாவை மட்டுமா? அவன்மேல் உயிரையே வைத்திருந்த சித்தியையும் இழந்தான். கல்யாணம் காதுகுத்துக்கு அழைப்பு வராது. எங்களுக்குப் பாரம் கூடியது என்பதும் உண்மை; அக்காவுக்கு அதில் கோபம் இருந்தது, இப்போது இல்லை. இன்னொன்று, அறுத்துக்கொண்ட பிறகும் துக்கம் வரும். இல்லாத ஓர் அப்பாவுக்காக அழுகை வரும். அதனால் முடிவு தப்பு என்று ஆகாது.

சட்டப்படி தலைமுழுகுவது என்று ஒன்று கிடையாது. 'இன்று முதல் இவருக்கும் எனக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை' என்று பேப்பரில் அறிவிப்புக் கொடுப்பார்கள். அதனால் பிள்ளை பிள்ளையாக இல்லாமல் போய்விடாது, பாட்டன் சொத்தில் இருக்கும் பங்கும் போய்விடாது. அப்பா சுயமாகச் சம்பாதித்ததை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம், அது வேறு.

பராமரிப்புப் பொறுப்பும் அப்படித்தான். அப்பாவோ அம்மாவோ தன் வருமானத்தாலோ சொத்தாலோ வாழ முடியவில்லை என்றால், 2007 சட்டத்தின் கீழ் பிள்ளைகள் மேல் மனுப் போடலாம். நம் ஊரில் ஆர்.டி.ஓ. ஆபீசில் வருவாய்க் கோட்டாட்சியர் விசாரிப்பார். 90 நாளில் முடிக்க வேண்டும், தேவைப்பட்டால் 30 நாள் நீட்டிக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கச் சொல்லலாம் என்று சட்டத்தில் உச்சவரம்பு இருக்கிறது. கல்யாணமான மகளுக்குப் பொறுப்பில்லை என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மகள், மகன் இருவருக்கும் பொறுப்பு உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவின் கீழேயே உச்ச நீதிமன்றம் 1987-ல் கல்யாணமான மகளும் அப்பாவைப் பராமரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது.

இதில் எனக்குப் பெரிய ஆதங்கம் ஒன்று உண்டு. சிங்கப்பூரில் 1995-ல் கொண்டுவந்த இதே மாதிரியான சட்டத்தில், கைவிட்ட, கொடுமைப்படுத்திய பெற்றோர் கேட்கும் தொகையைக் குறைக்கவோ மறுக்கவோ தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இருக்கிறது. 2023-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, அப்படிப்பட்ட பழைய வரலாறு உள்ள பெற்றோர் மனுப் போடவே முதலில் அனுமதி வாங்க வேண்டும். அடி வாங்கிய பிள்ளை அடித்தவரோடு ஒரே அறையில் மறுபடி உட்கார வேண்டியதில்லை என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். நம் 2007 சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை. நடந்ததைப் பதில் மனுவில் எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் அதனால் தொகை தள்ளுபடி ஆகிவிடும் என்று நம்பிக்கொண்டு இருக்க முடியாது. எனவே முழுசாக ஒதுங்குபவர்களும் ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து ஒரு தபால் வந்தால் கிழித்துப் போடாமல் போய்ப் பதில் சொல்லுங்கள். தம்பியிடமும் இதைத்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

நன்றாகக் கவனிக்க வேண்டியது: அந்தச் சட்டம் கேட்பது பராமரிப்பைத்தான். கூட வைத்துக்கொள் என்று அது யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஒருவரைப் பொறுப்பெடுத்துக்கொண்டு, பிறகு எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதுதான் அதில் குற்றம். மூன்று மாதச் சிறை, 5,000 ரூபாய் அபராதம் வரை போகும். ஆக, முடியாது என்று முதலிலேயே சொல்வது, ஆசைப்பட்டு ஏற்றுக்கொண்டு பாதியில் விடுவதைவிட எல்லாருக்கும் நல்லது.

தள்ளி நின்று செய்வது

நான் தேர்ந்தெடுத்தது இது. அக்காவால் முடியாமல் போனபோது அப்பாவை அவருடைய சொந்த வீட்டுக்கே திரும்பக் கொண்டுபோனோம். வீட்டோடு இருந்து பார்க்க ஓர் ஆள் வைத்தோம். அப்பாவுக்கு வரும் பென்ஷன் முதலில் அதற்குப் போகிறது. குறைவதை அக்காவும் நானும் பாதிப் பாதி போடுகிறோம். முதலில் அவருடைய கையிருப்பைப் பாருங்கள் என்று எல்லாருக்கும் சொல்வேன். பென்ஷன், பேங்க் டெபாசிட், வாடகை எதுவாக இருந்தாலும் அது அவருக்கே செலவாக வேண்டும். அதைப் பிள்ளைகளுக்கு என்று சேர்த்து வைத்துவிட்டு நீங்கள் கடன் வாங்கிச் செய்ய வேண்டியதில்லை.

முதியோர் இல்லமும் பார்த்தோம். நாங்கள் விசாரித்த இடங்களில் தன் வேலையைத் தானே செய்துகொள்ள முடிந்தவர்களைத்தான் சேர்த்தார்கள். படுக்கையில் இருப்பவர் என்றதும் கையை விரித்தார்கள். உங்கள் பக்கத்தில் இடம் இருக்கலாம். 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் கேட்டால் தகவல் சொல்வார்கள். தமிழ்நாட்டில் 2021-லிருந்து நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தோம், ஆள் வந்தார்கள். இப்படி நான்கு பேர் கைக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கக் கொடுக்க, என் கையால் செய்ய வேண்டியது குறைந்துகொண்டே வந்தது.

எல்லைகளைப் பேசி வைத்ததுதான் என்னைக் காப்பாற்றியது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போவேன், அரை மணி நேரம் இருப்பேன். ராத்திரி தங்க மாட்டேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக மாட்டேன். ஆஸ்பத்திரி அவசரம் என்றால் முதல் போன் பெரியப்பா மகனுக்கு, இரண்டாவது எனக்கு. இதை எல்லாம், அப்பாவைப் பார்த்துக்கொள்ள நாங்கள் வேலைக்கு வைத்திருக்கும் அந்த அம்மாவிடமும் அத்தையிடமும் ஒரே மாதிரிச் சொன்னேன். ஆளுக்கு ஒன்று சொன்னால் அந்த இடைவெளியில் உள்ளே இழுத்துவிடுவார்கள்.

இந்த வழியிலும் குறை உண்டு. முழு நிம்மதி கிடைக்காது. மாதம் முழுக்க நன்றாக இருந்துவிட்டு, போகிற ஞாயிற்றுக்கு முந்தின ராத்திரி தூக்கம் வராது. பணம் அனுப்பும்போதெல்லாம் கோபம் வரும். எனக்கு ஒரு வருஷம் கவுன்சிலிங் தேவைப்பட்டது. காசு கொடுத்துப் பார்க்க முடியாதவர்கள் 14416-க்கு எந்த நேரத்திலும் பேசலாம். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது, தமிழில் பேசுகிறார்கள், கட்டணம் இல்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநல மருத்துவரும் இருக்கிறார்.

நன்றிக்கடன் பற்றி என்னிடம் பேசியவர்களில் ஒரு பெரியவர் குறள் எடுத்துச் சொன்னார், மகன் தந்தைக்குச் செய்யும் உதவி பற்றிய எழுபதாவது குறள். நானும் அந்த அதிகாரத்தை எடுத்துப் படித்தேன். அதற்கு மூன்று குறள் முன்னால், 67-ல், தந்தை மகனுக்குச் செய்ய வேண்டியதைச் சொல்லியிருக்கிறார் வள்ளுவர். வரிசையில் அது முன்னால் நிற்கிறது. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

போலீசுக்குப் போவது

இதையும் சிலர் கேட்கிறார்கள். சாதாரணக் காயம் என்ற பிரிவில் வரும் அடிக்கு ஒரு வருஷத்துக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டும். எலும்பு முறிவு கொடுங்காயம். அதற்கு ஏழு வருஷம் வரை தண்டனை உண்டு. மூன்று வருஷத்துக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்குக் காலக்கெடு இல்லை. குழந்தைகள் மேல் நடந்த பாலியல் குற்றத்தை வளர்ந்த பிறகும் புகார் செய்யலாம் என்று 2018-ல் மத்திய அரசு தெளிவுபடுத்தியது. ஆனால் முப்பது வருஷத்துக்கு முந்தின அடிக்குச் சாட்சியும் மருத்துவச் சீட்டும் தேடுவது பெரும்பாடு. தம்பி யோசித்து, வேண்டாம் என்று விட்டான். நீங்கள் விடாமல் போனால் அதுவும் உங்கள் உரிமை. ஒன்றே ஒன்று: அந்த வீட்டில் இப்போது வேறு ஒரு குழந்தை இருந்தால், இதில் யோசிக்க எதுவும் இல்லை. இன்றைக்கே 1098-க்குக் கூப்பிடுங்கள்.

எங்கள் மூன்று பேரில் யார் செய்தது சரி என்று அத்தை இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். நாங்கள் போடுவதில்லை. போன மாதம் மூவரும் அக்கா வீட்டில் உட்கார்ந்து, மிச்சம் இருந்த ஒன்றையும் பேசி முடித்தோம். கொள்ளி வைக்கத் தம்பி வர மாட்டான். கடைசி நேரத்தில் சாவு வீட்டு வாசலில் நின்று யாரும் அவனைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று பெரியப்பா மகனிடம் இப்போதே சொல்லிவிட்டோம். "நான் செஞ்சிர்றேன், அவன விட்ருங்க" என்றார் அவர். தம்பி அப்போது ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி பஸ் ஏறிய பிறகு 'தேங்க்ஸ்க்கா' என்று மெசேஜ் அனுப்பியிருந்தான்.

நான் போகும் ஞாயிறுகளில் கட்டிலுக்கு எதிர்ப்பக்கம், வாசலுக்கு அருகில் நாற்காலி போட்டு உட்காருகிறேன். அந்த வலது கை இனி எழாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருந்தும் அது எட்டும் தூரத்துக்குள் என்னால் உட்கார முடியவில்லை. பார்த்துக்கொள்ளும் அம்மா முதல் தடவை, "கிட்ட வந்து ஒக்காரும்மா, ஒங்கப்பாதானே" என்றார். "இங்கயே இருக்கேன்மா, பரவால்ல" என்றேன். இப்போதெல்லாம் நான் வருவதற்கு முன்பே அந்த நாற்காலியை வாசல் பக்கம் போட்டு வைக்கிறார்.